மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடு

போன சனிக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு என் மகள் பள்ளி மைதானத்தில் ஒரு சிறுமியை அதட்டினாள்.

சத்தமாக. விரலை நீட்டி. சாலைக்கு அந்தப் பக்கம் சாயாக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நானும் மனைவியும் அதற்காகக் கால் கிலோ அல்வா வாங்கினோம்.

நம் பிள்ளை இன்னொரு பிள்ளையை அதட்டினால் மன்னிப்புக் கேட்பதுதான் முறை. நாங்களும் கேட்டோம். ஆனால் இருவரும் வாயெல்லாம் பல்லாக நின்று கேட்டதில், அந்தச் சிறுமியின் அம்மா எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்... அவர் மேல் தப்பில்லை.

விஷயம் இதுதான்.

என் மகள் கயலுக்கு ஐந்தரை வயது. மட்டாஞ்சேரியில் ஒரு பள்ளியில் யு.கே.ஜி. படிக்கிறாள். மனைவி சுதாவுக்கு வல்லார்பாடம் கண்டெய்னர் முனையத்தில் வேலை கிடைத்து, தூத்துக்குடியிலிருந்து நாங்கள் இங்கே வந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. ஜூன் மாதம் பள்ளி திறந்த நாளிலிருந்து கயல் வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை.

மிகைப்படுத்தவில்லை. ஒரு வார்த்தை கூட. அட்டெண்டன்ஸ் எடுத்தால் கையைத் தூக்குவாள். பாத்ரூம் போக வேண்டுமென்றால் எழுந்து வாசலில் போய் நிற்பாள். பக்கத்துப் பிள்ளை பென்சிலைப் பிடுங்கிக்கொண்டால் பையிலிருந்து இன்னொரு பென்சிலை எடுப்பாள்.

வீட்டில்? வீட்டில் வாய் மூடாது. ஷீலா டீச்சர் — அவளுடைய வகுப்பு ஆசிரியை — எப்படிப் பாட்டுச் சொல்லித் தருவார், எப்படி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிடுவார், எல்லாவற்றையும் சுத்தமான மலையாளத்தில் எங்களுக்கு நடித்துக் காட்டுவாள். ஆக, மொழி தெரியாமல் இல்லை. மருத்துவரிடம் காட்டினோம். காதில் குறையில்லை, பேச்சிலும் குறையில்லை, வற்புறுத்தாதீர்கள், பொறுமையாக இருங்கள் என்றார்.

பொறுமையாக இருங்கள் என்று சொல்வதற்கும் ஒரு ஃபீஸ் உண்டு. கொடுத்துவிட்டு வந்தோம்.

நவம்பரில் ஷீலா டீச்சர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷி. மேஜை மேல் ஒரு படிவத்தை வைத்து, அதை என் பக்கம் நகர்த்தாமலே பேசினார்.

“சாரே, மோள் மிடுக்கிதான். எழுத்து, கணக்கு எல்லாம் சரி. ஆனா ஒண்ணாம் கிளாஸில் நாற்பது பிள்ளைங்க. அங்கே இவள் இப்படியே இருந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க. இன்னும் ஒரு வருஷம் கூட இங்கேயே இருக்கட்டும்னு தோணுது. ஃபெப்ருவரி முடியறதுக்குள்ள ஒப்பிட்டுத் தந்தா போதும்.”

ஒப்பிடுவது என்றால் கையெழுத்து. ‘எனது மகள் யு.கே.ஜி. வகுப்பில் மேலும் ஓராண்டு தொடரச் சம்மதிக்கிறேன்.’ இருபது வருடம் செய்தித்தாள் டெஸ்க்கில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியவன் நான். எந்த வாக்கியத்திலும் ஏதாவது ஒன்றை மாற்றாமல் எனக்குக் கை நிற்காது. அந்த வாக்கியத்தில் மாற்ற ஒன்றுமே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழ் வைத்தோம். தண்ணீர் பாட்டில் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

அதற்கு அடுத்த வாரம்தான் டீ-பால் வந்தது.

தேநீருக்கும் பாலுக்கும் இதில் சம்பந்தமில்லை. இது பேஸ்பாலின் தங்கை. பந்து வீச ஆள் கிடையாது. பெரியவர்களின் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பம். அதன் தலையில் பந்து அசையாமல் உட்கார்ந்திருக்கும். பிள்ளை மட்டையால் அதை அடிக்க வேண்டும், மட்டையைக் கீழே போட வேண்டும், முதல் தளத்துக்கு ஓட வேண்டும். அடுத்த பிள்ளை அடித்ததும் இரண்டாவது தளம். பிறகு மூன்றாவது. பிறகு கிளம்பிய இடம். இந்த வயதில் அவுட் கிடையாது. எல்லோருக்கும் ஒரு முறை அடிக்கக் கிடைக்கும். கடைசிப் பிள்ளை அடித்ததும் எல்லோரும் வீடு வந்து சேரலாம்.

பள்ளியின் விளையாட்டு ஆசிரியை ஜின்சி மிஸ், ஏதோ பயிற்சிக்குப் போன இடத்தில் இதைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். சனிக்கிழமை காலை ஏழரைக்கு, வெயில் ஏறுவதற்கு முன். கம்பம் என்பது பெயின்ட் வாளியில் சிமென்ட் ஊற்றி நட்ட பி.வி.சி. குழாய். தளங்கள் என்பவை மூன்று சாக்குகள். உள்ளே கொஞ்சம் மணல் போட்டு நான்கு பக்கமும் தைத்தவை.

சாக்குகளைக் கொடுத்தவர் பஷீர். தென்காசிப் பக்கத்துக் குடும்பம், பஜார் சாலையில் மசாலாச் சரக்குக் குடோன். மகள் ரிஸ்வானா கயலின் வகுப்பு. அவர் கையில் கிடைத்த சாக்குகளைக் கொடுத்துவிட்டார். முதல் தளம் சுக்குச் சாக்கு, இரண்டாவது மிளகுச் சாக்கு, மூன்றாவது மஞ்சள் சாக்கு. எத்தனை முறை உதறினாலும் வாசனை போகவில்லை. ஃபர்ஸ்ட் பேஸ், செகண்ட் பேஸ் என்று ஜின்சி மிஸ் இரண்டு வாரம் சொல்லிப் பார்த்தார். பிள்ளைகள் கேட்கவில்லை. சுக்கு, குருமுளகு, மஞ்சள் — அவ்வளவுதான். மிளகுக்குப் போய்ச் சேர்ந்த பிள்ளை கட்டாயம் ஒரு தும்மல் போடும். வாசனை வருகிறதோ இல்லையோ, தும்மல் போடுவது விதியாகிவிட்டது.

இனி என் பங்குக்கு வருகிறேன்.

டீ-பால் வருகிறது என்று நோட்டீஸ் வந்ததும் எனக்கு ஒரு யோசனை. பேச்சில்தான் இவள் பின்தங்கியிருக்கிறாள், விளையாட்டிலாவது முன்னே நிற்கட்டும். எங்கள் வராந்தாவில் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது என்ன? கிரிக்கெட். பந்தை அடி, மட்டையை விடாமல் பிடி, எதிர் முனைக்கு ஓடு, கோட்டைத் தொடு, திரும்பி ஓடி வா, மட்டையைக் கோட்டுக்குள் நீட்டு. இரண்டு ரன். ஒழுங்காகக் கற்றுக்கொண்டாள்.

முதல் சனிக்கிழமை. கயலின் முறை. மூன்று முறை பந்தை விட்டுவிட்டுக் குழாயை அடித்தாள். நான்காவது அடியில் குழாய் ஆடி, பந்து தானாக விழுந்து உருண்டது. ஜின்சி மிஸ் “ஓடு” என்றார். மட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுக்குக்கு ஓடினாள். தொட்டாள். திரும்பினாள். ஓடி வந்து, கிளம்பிய கோட்டுக்குள் மட்டையை நீட்டி நின்றாள்.

அதற்குள் அடுத்த பிள்ளை அங்கே வந்து நின்றுவிட்டது. இருவரும் முட்டிக்கொண்டார்கள். மைதானமே சிரித்தது. பிள்ளைகளின் சிரிப்பில் விஷம் கிடையாது. ஆனால் சிரிப்புக்கு நடுவில் நிற்பவளுக்கு அது தெரியாதே? அவள் யாரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்தேனே, ஏன் தப்பாகிவிட்டது?

பதில் என்னிடம் இருந்தது. கிரிக்கெட்டைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தானே.

ஒரே ஆறுதல், நான் தனியாள் இல்லை. “பேட்ட விட்டுறாத, ரிஸ்வானா. ரெண்டு இருக்கு, ரெண்டு இருக்கு” என்று பக்கத்தில் பஷீர் கத்திக்கொண்டிருந்தார். இன்னும் நான்கு அப்பாக்கள் மலையாளத்தில் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மட்டையைக் கீழே போடு என்றால் அப்பாக்களுக்கு ஏதோ சொத்தை எழுதிக் கொடுக்கச் சொன்ன மாதிரி இருக்கிறது. நான் பாக்கெட் நோட்டில் யார் எத்தனை ரன் என்று குறித்துக்கொண்டும் இருந்தேன். பழக்க தோஷம்.

ஜின்சி மிஸ் சுண்ணாம்புப் பொடி டப்பாவுடன் வந்தார். எங்கள் கால்களுக்கு முன்னால் நீளமாக ஒரு கோடு போட்டார்.

“அச்சன்மாரெல்லாம் இந்தக் கோட்டுக்கு அப்புறம். சாரே, அந்த நோட்டுல என்ன?”

“ஸ்கோர்.”

“இவிடெ ஸ்கோர் இல்ல. எல்லாரும் ஒரு தடவ அடிச்சா ஆட்டம் கழிஞ்சு.”

“அப்ப யார் ஜெயிச்சாங்கன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் பஷீர்.

“சேட்டன் சாயா குடிச்சிட்டு வா” என்றார் ஜின்சி மிஸ்.

போனோம்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் கயல் மட்டையைத் தொடவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம், என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டில்கூடக் கொஞ்சம் அடங்கிவிட்டாள். ஷீலா டீச்சர் நடிப்பு நின்றுபோனது. சுதா ஃப்ரிட்ஜைத் திறந்தாள், மூடினாள், படிவத்தைப் பார்த்தாள். “கையெழுத்துப் போட்டுரலாமா?” என்றாள் ஒரு நாள். பேனாவைத் தேடினேன் — சட்டைப் பையில்தான் இருந்தது. கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதற்கும் அடுத்த சனிக்கிழமை ஜின்சி மிஸ் கயலிடம் வந்தார். “விளையாட வா” என்று கூப்பிடவில்லை. பந்தை நீட்டினார்.

“எனக்கு முதுகு வலிக்குது. ஒவ்வொரு தடவயும் குனிஞ்சு எடுத்து வெக்க முடியல. நீ வெச்சுத் தருவியா?”

அதுதான் வேலை. பந்து வைப்பது. பிள்ளை அடிக்க வருமுன் பந்தைக் குழாயின் தலையில் உட்கார வைக்க வேண்டும். பிறகு குழாயைச் சுற்றிப் போட்ட சுண்ணாம்பு வட்டத்துக்கு வெளியே வந்து கையைத் தூக்க வேண்டும். அவள் கை தூக்காமல் யாரும் மட்டையை வீசக் கூடாது. பேச வேண்டிய அவசியமே இல்லை. கை தூக்குவதுதான் அவளுக்கு நன்றாக வருமே?

கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கோர் குறிக்கத்தான் தடை, பார்க்கத் தடையில்லை. குழாயின் தலை அவள் நெஞ்சு உயரம். பந்தை அதன் மேல் நிறுத்துவது லேசில்லை. முதல் நாள் பத்துக்கு ஏழு முறை உருண்டு விழுந்தது. முழுக் கையாலும் பிடித்து அழுத்தினாள், விழுந்தது. அடுத்த வாரம் விரல் நுனிகளால் வைத்துவிட்டு, ஒவ்வொரு விரலாக எடுக்கப் பழகியிருந்தாள். நான்காவது வாரம் ஒரு முறைதான் விழுந்தது. அதே சமயத்தில் வீட்டில் சட்டைப் பொத்தான்களைத் தானே போட ஆரம்பித்தாள். மாடிப்படியில் சுவரைத் தடவாமல் இறங்கினாள்.

இது டீ-பாலின் வேலையா, வயதின் வேலையா? எனக்குத் தெரியாது. இரண்டு சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று எழுதிய நிருபர்களின் செய்திகளை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் வீட்டுச் செய்திக்கு மட்டும் சலுகை காட்ட முடியாது. பார்த்ததைச் சொல்கிறேன், அவ்வளவே.

இன்னொன்றும் பார்த்தேன். அந்த வயதுப் பிள்ளைகள் பதினைந்து பேரை ஒரு மைதானத்தில் விட்டுப் பந்தை அடித்தால், பதினைந்து பேரும் பந்தின் மேல் விழுவார்கள். முதல் மாதம் அதுதான் நடந்தது. பந்து எங்கே என்று தெரியாது, கால்கள்தான் தெரியும். ஜின்சி மிஸ் ஆளுக்கு ஒரு சுண்ணாம்பு வட்டம் போட்டு, அதற்குள் நிற்கச் சொன்னார். இப்போது பந்து ரிஸ்வானாவின் வட்டத்துக்குப் போனால் மற்றவர்கள் துள்ளித் துடித்துக்கொண்டு, ஆனால் தங்கள் வட்டத்திலேயே நிற்கிறார்கள். தன் முறைக்காகக் காத்திருப்பது, இன்னொருவர் பந்தை எடுக்க விடுவது — சொல்லும்போது சின்ன விஷயம். படகுத் துறையில் டிக்கெட் வரிசையில் நின்று பாருங்கள். நாற்பது வயதில் அது எத்தனை பேருக்கு வருகிறது?

ஜனவரியில் ஒரு நாள், பந்தை வைத்துவிட்டு, கயல் வட்டத்துக்கு வெளியே போகவில்லை. மட்டையைத் தானே எடுத்தாள். அடித்தாள். பந்துதான் பறந்தது, குழாய் அசையவில்லை. மட்டையைக் கீழே போட்டாள் — தூக்கி எறியவில்லை, தூங்கும் பிள்ளையைப் படுக்க வைப்பது போல வைத்தாள் — சுக்குக்கு ஓடினாள். அங்கேயே நின்றாள். பிறகு மிளகு. தும்மல். மஞ்சள். வீடு. பஷீர் என் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “அண்ணே, பாத்தீங்களா? ஒங்க கோச்சிங்க மறந்ததும் எப்படி வெளையாடுது பாருங்க.”

ஆனால் பேச்சு? பேச்சு வரவில்லை. மைதானத்திலும் இல்லை, வகுப்பிலும் இல்லை. பிப்ரவரி பிறந்தது. இரண்டாவது வாரமும் முடிந்தது. படிவம் ஃப்ரிட்ஜ் கதவில் அப்படியே இருந்தது.

போன சனிக்கிழமை ஒரு புதுப் பிள்ளை வந்தாள். தேவிகா. ஆலுவாவிலிருந்து வீடு மாறி வந்தவர்கள். நல்ல திடமான பிள்ளை. முதல் அடியிலேயே பந்து மதில் வரை போனது. மட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுக்குக்கு ஓடினாள். தொட்டாள். திரும்பினாள்.

எனக்கு அந்த ஓட்டம் தெரியும். அவளுக்கும் வீட்டில் ஒரு அப்பா இருக்கிறார்.

கயல் அப்போது குழாய்க்குப் பக்கத்தில் அடுத்த பந்துடன் நின்றிருந்தாள். தேவிகா மட்டையை நீட்டிக்கொண்டு நேராக அவளை நோக்கி வருகிறாள். அடுத்து அடிக்க வேண்டிய ரிஸ்வானா கோட்டில் வந்து நின்றாயிற்று. இன்னும் நான்கு எட்டில் முட்டல். அதற்குப் பின் சிரிப்பு.

கயல் பந்தைக் கீழே போட்டாள். விரலை நீட்டினாள்.

“தேவிகா. பேட் தாழெ இடு. இங்கோட்டு வரண்டா. சுக்கில் போய் நில்க்கு.”

மட்டையைக் கீழே போடு, இங்கே வராதே, சுக்குக்குப் போய் நில். அவ்வளவு சத்தம் அவள் தொண்டையில் இருக்கும் என்று வீட்டில் இருக்கும் எங்களுக்கே தெரியாது. தேவிகா திகைத்து நின்றாள். மட்டையைப் போட்டாள். திரும்பி சுக்குக்கு ஓடினாள். கயல் அதோடு விடவில்லை.

“ரிஸ்வானா அடிச்சதும், நீ குருமுளகிலேக்கு ஓடணும். அவிடெ தும்மணும்.”

யாரும் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்க வேண்டும்? தப்பு நடக்கவே இல்லையே.

ரிஸ்வானா மட்டும் மட்டையை ஊன்றிக்கொண்டு கயலையே பார்த்தாள். எட்டு மாதம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். பிறகு கோட்டுக்கு இந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

“வாப்பா, கயல் வர்த்தானம் பேசுது.”

“பேசட்டும்டி, நீ பந்த அடி” என்றார் பஷீர்.

ஜின்சி மிஸ் ஒன்றும் கேட்காதது போல சுண்ணாம்புக் கோட்டைச் சரி செய்துகொண்டிருந்தார். கோடு சரியாகத்தான் இருந்தது. சுதா என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்த இடம் சாயங்காலம் வரை இருந்தது. நான் மெதுவாக மதில் ஓரம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

எட்டு மாதமாக “பேசு, பேசு” என்று எல்லோரும் சொன்னோம். சாக்லேட் கொடுத்துச் சொன்னோம், கெஞ்சிச் சொன்னோம். பேசு என்று சொன்னால் யாருக்குத்தான் பேச்சு வரும்? மேடையில் மைக்கைக் கொடுத்துவிட்டு “ஏதாவது பேசுங்க சார்” என்றால் எனக்கே வராது. அவளுக்கு வேண்டியிருந்தது மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்த ஒரு காரியம். ஒரு முறை தப்பாகச் செய்து, நூறு முறை பக்கத்தில் நின்று பார்த்து, தானே சரியாகச் செய்த ஒரு காரியம். இன்னொருத்தி அதே பள்ளத்தில் விழப் போகும்போது வாய் தானாகத் திறந்தது.

அந்தப் பள்ளத்தைத் தோண்டிக் கொடுத்தவன் நான் என்பதில் எனக்குப் பெருமை இல்லை. ஆனால் பயன்பட்டிருக்கிறது.

ஒரு சனிக்கிழமையை நம்பிப் படிவத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. மைதானத்தில் வந்த பேச்சு வகுப்புக்குள் வர வேண்டுமே? ஞாயிறு முழுக்க இதைப் பற்றிப் பேசக் கூடாது என்று நானும் சுதாவும் ஒப்பந்தம் செய்துகொண்டு, அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

திங்கள்கிழமை பதினொன்றரைக்கு ஷீலா டீச்சரின் போன்.

“சாரே, கயல் மிண்டி.”

மிண்டி என்றால் வாய் திறந்துவிட்டாள்.

“என்ன சொன்னா டீச்சர்?”

“நான் போர்டுல கிழமை எழுதறப்ப மறந்து செவ்வாய்னு எழுதிட்டேன். இவள் எழுந்திரிச்சு நின்னு, ‘டீச்சரே, இன்னு செவ்வாயில்ல, திங்கள்’ங்கிறா. கிளாஸே திரும்பிப் பாத்தது. போதாததுக்கு, நான் அழிச்சு எழுதற வரைக்கும் உக்காரவும் இல்ல.” அவர் சிரித்தார். “ஃபார்ம் இனி வேண்டா சாரே. நல்லவேளை, நீங்க தர்றதுக்கு லேட் ஆக்கினீங்க.”

சாயங்காலம் சுதா ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து படிவத்தை எடுத்து நான்காகக் கிழித்துப் போட்டாள். அங்கே மின்சார பில்லை மாட்டினாள். கயல் அதைப் பார்த்தாள். காந்தம் கோணலாக இருக்கிறது என்று சொல்லி, நாற்காலி போட்டு ஏறி, அதைச் சரி செய்தாள். பிறகு என்னைப் பார்த்து, நான் குடித்துவிட்டு வைத்த தண்ணீர் பாட்டிலின் மூடி சரியாகத் திருகவில்லை என்றாள். செருப்பு ஜோடி மாறிக் கிடக்கிறது என்றாள்.

சுதா அல்வாவில் மிச்சமிருந்த துண்டை வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

“இந்த வீட்டுல தப்புக் கண்டுபிடிக்க ஒரு ஆளே அதிகம்னு நெனச்சேன். இப்ப ரெண்டு பேர்.”